கல்லான இதயம்



ஆனைமலையில் நம் பங்கு இளைஞர் ஒருவரின் கணினியில், ‘தி விட்சர் 3’ விளையாட்டின் கூடுதல் பகுதியாகிய ‘ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோன்’ கதையை நாம் ஆடினோம். போலந்து நிறுவனமான சிடி புராஜெக்ட் ரெட் 2015இல் வெளியிட்ட இது, 18 வயது நிரம்பியோர்க்கே உரியது.

ஆல்கியர்ட் என்னும் பிரபு, அலகையை ஒத்த ஒருவனிடம் தன் ஆன்மாவை அடகு வைக்கிறான். கேட்டவை கிடைத்தன, இதயமோ கல்லாயிற்று. உயிராய் நேசித்த மனைவியும் அந்நியமானாள். கணக்குத் தீர்க்கும் நாளில் ஆடுபவர் முன் இரு வழிகள் உள்ளன: விலகி நின்று பரிசு பெறலாம், அல்லது தம் ஆன்மாவையே பணயம் வைத்து, விடுகதை ஒன்றை விடுவித்து அவனை மீட்கலாம்.

கொடியவன்தானே என்று நாம் விலகி நின்றோம். பரிசும் கிடைத்தது. “சாமி, நீங்களே விட்டுட்டீங்களே!” என்றார் இளைஞர்.

பாவசங்கீர்த்தனம் கேட்கும் நம்மை அச்சொல் சுட்டது. கல்லான இதயத்தை எடுத்துவிட்டுத் தசையாலான இதயத்தைத் தருவதாக எசேக்கியேல் வழியாக இறைவன் வாக்களித்தது நமக்குந்தான் அன்றோ?

மறுமுறை ஆடி அவனை மீட்டோம். பேச்சற்றுப் பிரிந்த உடன்பிறப்பை மீட்க, நம் இல்லங்களில் மறு ஆட்டம் வாய்க்குமோ? இன்றே செல்வோம்.