நூற்றுக்குத் தொண்ணூறு ஜெயித்தால் போதுமா?

மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை ஊர் மாறும் உத்தியோகம் எனக்கு. எந்த ஊருக்குப் போனாலும் நாலு தமிழ்க் குடும்பம் சேர்ந்தால் பேச்சு முதலில் இட்லி அரிசி எங்கே கிடைக்கும் என்று ஆரம்பிக்கும். அப்புறம் பிள்ளைகள் படிப்பு. இப்போது மூன்றாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது... ஆப்ஷன் டிரேடிங்! வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆன பையன்கள் மட்டுமில்லை, ரிடையர் ஆன மாமாக்களும் இதில் உண்டு. "நூறு டிரேடில் தொண்ணூறு ஜெயிக்கிறேன் சார்" என்கிறார்கள். அவர்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. கணக்கைப் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள் என்பதுதான் என் புகார்.

நிகழ்தகவு எல்லோருக்கும் ஓரளவு தெரியும். பூவா தலையா போட்டால் பாதிக்குப் பாதி. தாயக்கட்டை உருட்டியவர்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அதற்கு அடுத்த படிதான் சமவாய்ப்பு மாறி, அதாவது ராண்டம் வேரியபிள். பெயர்தான் பயமுறுத்தும், விஷயம் சின்னது. ஒவ்வொரு விளைவுக்கும் எதிரே ஓர் எண்ணை எழுத வேண்டும், அவ்வளவுதான். பூ விழுந்தால் எனக்கு 10 ரூபாய் வரும், தலை விழுந்தால் 15 ரூபாய் போகும். அந்தக் கூட்டல் 10, கழித்தல் 15 இரண்டும்தான் மாறியின் மதிப்புகள். ஒவ்வொன்றையும் அதன் நிகழ்தகவால் பெருக்கிக் கூட்டினால் வருவது 'எதிர்பார்ப்பு'. இங்கே 5 கழித்தல் 7.50, ஆக மைனஸ் 2.50. நிறைய தடவை ஆடினால் ஆட்டத்துக்குச் சராசரியாக இரண்டரை ரூபாய் கையை விட்டுப் போகும்.

இப்போது நம் தொண்ணூறுக்கு வருவோம். ஒருவர் ஆப்ஷன் விற்கிறார் என்று வையுங்கள். 90 தடவை தலா 1,000 ரூபாய் லாபம். மீதி 10 தடவை தலா 12,000 ரூபாய் நஷ்டம். வந்தது 90,000, போனது 1,20,000. ஜெயித்தது தொண்ணூறு தடவை, ஆனால் பையில் 30,000 குறைவு! புரோக்கரேஜ், வரி எல்லாம் இதற்கு மேல். ஆப்ஷன் வாங்குகிறவருக்கு நேர் எதிர்: பல தடவை சின்னச் சின்ன நஷ்டம், எப்போதாவது பெரிய லாபம். இரண்டு பேருக்குமே எத்தனை தடவை ஜெயித்தோம் என்பது பாதிக் கணக்குதான். எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்பது மீதிப் பாதி.

இது என் கற்பனைக் கணக்கு. நிஜக் கணக்கு வேண்டுமா? 2024 செப்டம்பரில் செபி ஓர் ஆய்வு வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரையான மூன்று நிதியாண்டுகளில் பங்கு எஃப் அண்ட் ஓ-வில் இறங்கிய தனிநபர்கள் ஒரு கோடிக்கும் மேல். அவர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், ஒருவருக்குச் சராசரியாகச் சுமார் 2 லட்சம் ரூபாய். செலவு போக 1 லட்சத்துக்கு மேல் லாபம் பார்த்தவர்கள் 1 சதவீதம்தான். அந்த ஒரு சதவீதக்காரர் கல்யாண வீட்டில் உரக்கப் பேசுவார். மற்றவர்கள் பந்தியில் பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள்.

"இன்சூரன்ஸும் நஷ்டக் கணக்குதானே, அதை மட்டும் ஏன் எடுக்கச் சொல்கிறீர்கள்?" என்று ஒருவர் மடக்கினார். நல்ல கேள்வி. கம்பெனி சம்பளம், வாடகை எல்லாம் கொடுத்தாக வேண்டும். அதனால் பொதுவாகப் பாலிசி எடுப்பவரின் எதிர்பார்ப்பு மைனஸில்தான் இருக்கும். ஆனால் எதிர்பார்ப்பு முதல் கேள்விதான், கடைசிக் கேள்வி இல்லை. மிக மோசமான விளைவு வந்தால் என் குடும்பம் தாங்குமா என்பது இரண்டாவது கேள்வி. பாலிசியில் தெரிந்த சின்ன நஷ்டத்தைக் கொடுத்து, தாங்க முடியாத பெரிய நஷ்டத்தைத் தள்ளிவிடுகிறோம். ஆப்ஷன் விற்பவர் சின்னத் தொகையை வாங்கிக்கொண்டு, அந்தப் பெரிய நஷ்டத்தைத் தன் தலையில் ஏற்றிக்கொள்கிறார்.

இன்சூரன்ஸ் கம்பெனியும் அதைத்தானே செய்கிறது என்பீர்கள். கம்பெனிக்குக் கூட்டம் இருக்கிறது. பிரதமரின் விபத்துக் காப்பீட்டுத் திட்டத்தில் வருஷத்துக்கு 20 ரூபாய், விபத்தில் இறந்தால் 2 லட்சம். பத்தாயிரம் பேர் கட்டினால்தான் ஒரு குடும்பத்துக்குக் கொடுக்க முடியும். லட்சக்கணக்கானவர்கள் சேரும்போது நடப்பது சராசரியை ஒட்டியே வரும். இதற்குப் பெரும் எண்களின் விதி என்று பெயர். யாக்கோபு பெர்னூலி நிரூபித்தது, அவர் காலமான பின் 1713-ல் புத்தகமாக வந்தது. சம்பளக் கணக்கில் மூன்று லட்சம் வைத்திருக்கும் நம் பையனுக்கு அந்தக் கூட்டம் கிடையாது. சராசரி வருவதற்குள் பணம் தீர்ந்துவிடும்.

பி.காம்.-இல் எங்களுக்குச் சராசரி, இடைநிலை, முகடு என்று சூத்திரமாகத்தான் சொல்லித் தந்தார்கள். மார்க் வாங்கினோம், சரி. அந்தக் கணக்கு வீட்டுப் பணத்துக்கும் உண்டு என்று யாரும் சொல்லவில்லை. பர்சனல் லோன் வாங்கி டிரேடிங்கில் போட்டுவிட்டு, அந்த லோனுக்கு இன்னொரு லோன் கேட்டு வருபவர்களை மேஜைக்கு எதிரே பார்க்கும்போது, இதைப் பத்தாம் வகுப்பிலேயே பேசியிருக்கலாமே என்று தோன்றுகிறது.

வெளியூரில் இருக்கும் நமக்கு இது கூடுதல் அவசியம். அவசரத்துக்குக் கைமாற்று தர சித்தப்பாவோ மாமாவோ அடுத்த தெருவில் இல்லை. ஆகவே, பணம் போடும் முன் ஒரு தாளில் மூன்று கட்டம் போடச் சொல்லுங்கள்: என்னென்ன நடக்கலாம், எத்தனைக்கு எத்தனை, ஒவ்வொன்றிலும் எவ்வளவு ரூபாய். பெருக்கிக் கூட்டட்டும். கீழே, மிக மோசமான வரியைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, "இது வந்தால் அடுத்த மாச வாடகை எங்கிருந்து?" என்று எழுதட்டும். அந்தக் கட்டங்களை நிரப்பத் தெரியவில்லை என்றால், அந்தப் பணம் எஃப்.டி.யிலேயே இருக்கட்டும். வட்டி குறைச்சல்தான், ஆனால் ராத்திரி தூக்கம் வரும் :-)