வாடிக்கையாளர் முகம் சுளித்தால்...



2009இல் யுத்தம் முடிந்த பின்னர் வடக்கு, கிழக்கு நகரங்களில் புடவைக் கடைகளும் சுப்பர் மார்க்கெட்டுகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கப்பட்டன. குடும்பப் பாரத்தைத் தனியே சுமக்கும் பெண்கள் பலருக்கு முதன்முதலாக மாதச் சம்பளம் கிடைத்தது அந்தக் கடைகளில்தான். எங்கள் குழுக் கூட்டங்களில் அவர்கள் சம்பளம் போதாததையும், நாள் முழுக்கக் கால் கடுக்க நிற்பதையும் சொல்வார்கள். ஆனால் கதை கடைசியில் வேறொன்றில்தான் வந்து நிற்கும்: "வேலை பரவாயில்லை மிஸ், சனம் கதைக்கிற கதையைத்தான் தாங்க ஏலாமல் கிடக்கு."

வவுனியாவில் புடவைக் கடையொன்றில் வேலை செய்யும் சகோதரி ஒருவர் இறுதி யுத்தத்தில் கணவரை இழந்தவர். கூறைச்சேலை விற்பதில் கெட்டிக்காரி. ஒருநாள் கல்யாண வீட்டார் வந்தார்கள். அவர் சேலையை விரித்துக் காட்டும்போது, வந்திருந்த பெண்மணி ஒருவர் இவருடைய வெறும் நெற்றியைப் பார்த்துவிட்டு, "வேறை ஆள் இல்லையோ? நல்ல காரியத்துக்கு எடுக்கிறம்" என்றார். முதலாளி ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாளே இவரைத் துவாய், படுக்கை விரிப்புப் பகுதிக்கு மாற்றினார். கூறைச்சேலைக்குக் கிடைத்த கொமிஷன் அங்கே இல்லை. மகளின் ரியூசன் காசு அந்தக் கொமிஷனில்தான் போய்க்கொண்டிருந்தது.

அந்தப் பெண்மணி இந்தச் சகோதரியைப் பார்க்கவேயில்லை. தன் மனதில் ஏற்கெனவே இருந்த ஓர் அச்சைத்தான் பார்த்தார். ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப அச்சடிக்க உதவும் உலோகத் தகட்டின் பெயரையே, 1922இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் வால்டர் லிப்மன் இத்தகைய எண்ணங்களுக்கு வைத்தார். நம்மிடையே எத்தனை அச்சுகள்! விதவை என்றால் அபசகுனம். வன்னி என்றால் நாகரிகம் தெரியாது. மலையகம் என்றால் படிப்பில்லை. தடுப்பிலிருந்து வந்தவள் என்றால் பயப்பட வேண்டும்.

இந்த அச்சு உடையாததா? நான் பல்கலைக்கழகத்தில் படித்த ஓர் ஆய்வு நினைவுக்கு வருகிறது. சமூகவியலாளர் ரிச்சர்ட் லாப்பியர் 1930களின் தொடக்கத்தில் ஒரு சீனத் தம்பதியருடன் அமெரிக்கா எங்கும் பயணம் செய்தார். அங்கே சீனர் மீது வெறுப்பு மிகுந்திருந்த காலம் அது. 250க்கும் மேற்பட்ட விடுதிகளுக்கும் உணவுக் கடைகளுக்கும் போனார்கள். ஒரேயோர் இடத்தில்தான் மறுத்தார்கள். பின்னர் அந்த இடங்களுக்கெல்லாம், "சீனரை ஏற்றுக்கொள்வீர்களா?" என்று கடிதம் எழுதிக் கேட்டார். பதில் அனுப்பியவர்களில் 90 வீதத்துக்கும் அதிகமானோர் "மாட்டோம்" என்றார்கள். இந்த ஆய்வு 1934இல் வெளிவந்தது.

ஆள் எதிரில் இல்லாதபோது அச்சு பலமாக இருக்கிறது. சிரித்த முகத்தோடு ஒருவர் நேரில் நின்று பேசும்போது அது தளர்கிறது. அதனால்தான் முதல் வார்த்தை முக்கியம். "வாங்கோ அம்மா, என்ன பாக்கப்போறியள்?" என்று அவர் வாய் திறக்குமுன் நாம் கேட்டுவிட்டால், அவர் பார்வை நெற்றியிலிருந்து சேலைக்குத் திரும்ப இடமுண்டு. ஆனால் இந்தப் பாரம் முழுவதையும் அவமானப்பட்டவரே சுமப்பது நியாயமில்லை. "கூறை தெரிவு செய்யிறதிலை எங்கடை கடையிலை இவவை விட ஆள் இல்லை, அம்மா" என்று அந்த முதலாளி ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். அதற்கு அவருக்கு ஒரு சதமும் செலவாகியிராது.

மூன்று விதமான கோபம்

கடுமையாகப் பேசும் எல்லோரும் ஒன்றல்ல. முதலாமவருக்குக் காரணம் இருக்கிறது. ஒரே தோய்ச்சலில் சாயம் போன சாரம், திகதி முடிந்த பால்மா, நீண்ட வரிசை. அவர் சொல்வதை முழுவதும் கேளுங்கள். "நான் என்ன செய்யிறது, முதலாளியைக் கேளுங்கோ" என்பது கோபத்தைக் கூட்டும். "பில்லைத் தாங்கோ ஐயா, மாத்தித் தரலாமோ எண்டு கேட்டுச் சொல்லுறன்" என்பது தணிக்கும்.

இரண்டாமவருக்குக் காரணம் தேவையில்லை. யாரையாவது கீழே வைத்துப் பேச வேண்டும். இவருடைய ஏச்சுக்குப் பதில் சொல்லாதீர்கள். சாமானைப் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். அவர் குரல் உயர உயர உங்கள் குரலைத் தாழ்த்துங்கள். நிறுத்தாவிட்டால் மேற்பார்வையாளரையோ பக்கத்தில் நிற்பவரையோ அழையுங்கள். அன்றிரவே திகதி, நேரம், அவர் பேசியது, பார்த்தவர் யார் என்பதைக் கொப்பியில் எழுதி வையுங்கள். முதலாளியின் காதுக்கு அவருடைய முறைப்பாடு முதலில் போய்விட்டால், உங்கள் வேலையைக் காப்பாற்ற அந்தக் கொப்பி உதவும்.

மூன்றாவது, மீதிக்காசு வாங்கும் சாட்டில் கையைத் தடவுவது, உடம்பைப் பற்றிக் கதைப்பது. இதைப் பொறுத்துப்போக வேண்டியதில்லை. 1995இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி, வார்த்தையாலோ செயலாலோ பாலியல் தொந்தரவு செய்வது ஐந்து வருடம் வரை சிறைத்தண்டனை பெறக்கூடிய குற்றம். பொலிசில் முறையிடலாம். 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

இன்னொன்று. கடையில் விழுங்கிய கோபம் எங்கோ வெளியே வரத்தான் செய்யும். விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து 1983இல் நூல் எழுதிய ஆர்லி ஹொக்சைல்ட், உள்ளே வேதனை இருக்க வெளியே சிரிப்பதும் ஓர் உழைப்பே என்று காட்டினார். அந்தக் களைப்பு வீட்டில் பிள்ளையின் முதுகில் அடியாக இறங்கிவிடக் கூடாது. பஸ் ஏறுமுன் நம்பிக்கையான ஒருத்தியிடம் பத்து நிமிடம் கதைத்து இறக்கிவிட்டுப் போங்கள்.

நம் கையில் உள்ள அச்சு

மேசைக்கு இந்தப் பக்கம் நிற்கும் நாமும் ஆட்களை எடைபோடுகிறோம். வெளிநாட்டிலிருந்து வந்தவரைக் கண்டால் ஓடிப்போய்க் கதிரை போடுகிறோம். நெல் விற்ற காசை மடியில் கட்டிக்கொண்டு வரும் கமக்காரரின் புழுதிக் காலைப் பார்த்து, "அது விலை கூட" என்கிறோம். அபாயா அணிந்த சகோதரி வந்தால், சிங்களத்தில் கேட்கும் அம்மா வந்தால், நம் முகம் மாறுகிறதா? சாமான் வாங்கப் போகும் இடத்தில், பில் போடச் சுணங்கும் புதுப் பிள்ளையை நாம் எப்படி ஏசுகிறோம்? அவளும் நம்மைப் போல ஒரு வீட்டைச் சுமந்துகொண்டு வந்தவளாக இருக்கலாம்.

இந்த மாதக் குழுக் கூட்டத்தில் ஒரு வேலை செய்யுங்கள். ஒவ்வொருவரும் கடையில் கேட்டு மனம் நொந்த ஒரு வசனத்தைச் சொல்லட்டும். இருவர் இருவராக ஒருவர் வாடிக்கையாளராகவும் மற்றவர் விற்பனைப் பெண்ணாகவும் நின்று பதில் சொல்லிப் பழகுங்கள். பிறகு ஆளை மாற்றுங்கள். கூட்டத்தில் ஒருமுறை வாய்விட்டுச் சொன்ன பதில், கடையில் தேவைப்படும்போது தொண்டையில் சிக்காது.

அடுத்த இதழில் சந்திப்போம்.