அறிவித்தல் யாரைச் சென்றடைகின்றது?



ஞாயிறு திருப்பலியின் முடிவில் வாசிக்கப்படும் அறிவித்தல்கள் இன்று ஆலய வாசலோடு நின்றுவிடுவதில்லை. திருப்பலி நேரமாற்றம், மரண அறிவித்தல், மறைக்கல்வி வகுப்பு யாவும் வட்ஸ்அப் வழியே வீடுகளுக்கும், கடல் கடந்து வாழும் பிள்ளைகளுக்கும் செல்கின்றன. இவற்றைத் தட்டச்சு செய்து அனுப்பும் இளைஞர் யுவதிகள் ஆற்றுவதும் ஒரு திருப்பணியே.

புனித பிரான்சிஸ் சலேசியார் 1594ஆம் ஆண்டில் சாப்ளே பகுதிக்குப் பணிசெய்யச் சென்றபோது, அவரது மறையுரையைக் கேட்க மக்கள் வரவில்லை. அவரோ தம் போதனைகளைத் தாள்களில் எழுதி, வீட்டுக் கதவுகளின் கீழே செருகிவைத்தார். செவிப்புலனற்ற ஒருவருக்குச் சைகைகளால் மறைக்கல்வி புகட்டியவரும் அவரே. 1923இல் திருத்தந்தை 11ஆம் பத்திநாதர் அவரை எழுத்தாளரின் பாதுகாவலராக அறிவித்தார்.

நம் பங்குகள் பலவற்றில் இன்றும் பாமினி எழுத்துருவே கையாளப்படுகின்றது. அச்சுக்கு அது நெடுங்காலம் நன்றே உழைத்தது, குறை சொல்வதற்கில்லை. ஆயினும் அது ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவைப் போர்த்திய எழுத்துரு. அவ்வெழுத்துரு இல்லாத கையடக்கத் தொலைபேசியில் அதே வரிகள் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவும் அரைப்புள்ளிகளாகவும் சிதறிவிடும். ஆகவே பலர் அறிவித்தலைப் படமாக்கி அனுப்பிவிடுகின்றனர். படமோ கண்பார்வை உள்ளவர்களுக்கே பயன்படும். பார்வை குன்றிய மூதாட்டி ஒருவர் என்ன செய்வார்? அன்ட்ரொயிட் தொலைபேசியிலுள்ள டோக்பக் வசதி, தமிழ்க் குரலை அமைத்துவிட்டால், யூனிகோட் எழுத்தை வாய்விட்டு வாசிக்கும். படத்தினுள் அடைபட்ட எழுத்தை அவ்வாறு நம்பிக்கையோடு கேட்க இயலாது.

இதற்கு மாற்றுவழி எளிது. பாமினியை யூனிகோடாக மாற்றித்தரும் இலவசச் செயலிகள் இணையத்தில் உள்ளன. மாற்றியபின் பெயர்களையும் நேரங்களையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். தட்டச்சு வராதவர்கள் கூகுள் விசைப்பலகையில் தமிழில் பேசியே எழுதலாம். அழகிய படத்தை அனுப்ப விரும்பினால் அனுப்புங்கள். அதன் கீழே அதே செய்தியை எழுத்திலும் இடுங்கள். "இந்த ஞாயிறு" என்று மட்டும் எழுதாது, திகதியையும் பங்கின் பெயரையும் குறிப்பிடுங்கள். திகதியில்லாத செய்தி மூன்று மாதங்களின் பின்பும் கைமாறித் திரியும்.

இத்தனையும் கூறியபின், ஆலயத்து அறிவித்தல் பலகையைக் கழற்றிவிட வேண்டாம் என்றும் சொல்ல வேண்டியுள்ளது. 2019 ஏப்ரல் 21 உயிர்ப்பு ஞாயிறன்று குண்டுகள் வெடித்தபின், அரசு சமூக ஊடகங்களைத் தற்காலிகமாக முடக்கியது. உற்றார் எங்கே, எந்த ஆலயத்தில் வழிபாடு என்று மக்கள் பதறிய நாட்கள் அவை. ஏப்ரல் 28ஆம் திகதி கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை தம் இல்லத்துச் சிற்றாலயத்தில் ஒப்புக்கொடுத்த திருப்பலியில் மக்கள் தொலைக்காட்சி வழியாகவே பங்கேற்றனர். எனவே வட்ஸ்அப் இல்லாத வீடுகளின் பெயர்ப்பட்டியலொன்று ஒவ்வொரு பங்கிலும் இருக்கட்டும். அவ்வீடுகளுக்கு யார் தொலைபேசியில் பேசுவது, யார் நேரில் செல்வது என்பதை இவ்வாரமே அன்பியக் கூட்டத்தில் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.