மூளைக்கு ஸ்டெம் செல்: ஆய்வகம் சொல்வதும் நோட்டீஸ் சொல்வதும்

"ஹஜ்ரத், ஸ்டெம் செல் போட்டால் அத்தாவுக்கு கை நடுக்கம் நின்றுவிடுமாம். லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். ஜமாஅத்தில் வசூல் செய்து தருவீர்களா?" உத்திரமேரூர் வட்டாரத்தில் இப்படிப்பட்ட கேள்விகள் இப்போது நம்மிடம் வருகின்றன. கேட்பவர்கள் கையில் வழவழப்பான நோட்டீஸ் ஒன்று இருக்கும். சிலர் நகையை அடகு வைக்கவும் தயாராகிவிட்டார்கள். ஆகவே இந்த விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்பது அவசியமாகிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுவோம். இந்த விஞ்ஞானம் பொய்யல்ல. ஜப்பானின் ஷின்யா யமனாக்கா 2006இல் எலியின் தோல் செல்களையும், 2007இல் மனிதனின் தோல் செல்களையும் கருவின் ஆரம்ப நிலை செல்கள் போல மாற்றிக் காட்டினார். 2012இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அப்படி மாற்றிய செல்லிலிருந்து மூளையின் நரம்பு செல்லையும் ஆய்வகத் தட்டில் வளர்த்தெடுக்க முடியும்.

இதனால் என்ன பயன்? ஈரலில் நோய் என்றால் ஊசி போட்டுத் துளி எடுத்துப் பார்க்கிறார்கள். உயிரோடு இருக்கும் மனநோயாளியின் மூளையை ஆராய்ச்சிக்காக அப்படிக் கிள்ளி எடுக்க முடியுமா? ஆனால் அவருடைய தோல் அல்லது இரத்தத்தின் செல்களை எடுத்து, அவற்றிலிருந்து அவருக்கே உரிய நரம்பு செல்லை வளர்த்து, அது எங்கே தவறுகிறது என்று பார்க்கலாம். அமெரிக்காவின் சால்க் ஆய்வு நிறுவனம் 2015இல் இதைச் செய்தது. பைபோலார் எனும் இருதுருவ மனநோய் உள்ளவர்களின் நரம்பு செல்கள் அளவுக்கு மீறித் துடித்தன. லித்தியம் மருந்து கொடுத்தபோது, நிஜ வாழ்வில் அம்மருந்தால் குணம் கண்டவர்களின் செல்கள் மட்டுமே அடங்கின. ஒரே மாத்திரை ஒருவருக்குக் கேட்பதும் மற்றவருக்குக் கேட்காததும் ஏன் என்பதற்கு செல்லிலேயே ஒரு தடயம் கிடைத்தது.

நமக்கு அருகில் பெங்களூரிலும் இந்த வேலை நடக்கிறது. நிம்ஹான்ஸ் மருத்துவமனையும் என்.சி.பி.எஸ்., இன்ஸ்டெம் ஆகிய ஆய்வு நிறுவனங்களும் சேர்ந்து, ஒரே குடும்பத்தில் பலருக்கு மனச்சிதைவு, இருதுருவ நோய், மறதி நோய் போன்றவை உள்ள வீடுகளைத் தேடி, நோயுள்ளவர் இரத்தத்தையும் நோயற்ற உறவினர் இரத்தத்தையும் பெற்று ஸ்டெம் செல்களாக்கி ஒப்பிடுகின்றன. வேலூரில் சி.எம்.சி. வளாகத்திலும் ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையம் இயங்குகிறது.

இந்தக் குடும்ப ஆய்வு நம் சமுதாயத்துக்கு மிக முக்கியம் என்பது நமது கருத்து. மனநோயை ஜின் பிடித்தது, செய்வினை என்று சொல்லிச் சொல்லியே எத்தனை பிள்ளைகளின் வாழ்வை வீணாக்கினோம்! 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓடவும் முடியாமல் தீயில் கருகினார்கள். 28 உயிர்கள் போயின. ஜின்னை நாம் மறுக்கவில்லை. மருத்துவரிடம் போகாமலிருக்க ஜின்னைக் காரணம் காட்டுவதைத்தான் மறுக்கிறோம்.

இனி பழுது பார்க்கும் விஷயத்துக்கு வருவோம். பார்க்கின்சன் எனும் நடுக்க நோயில், டோபமைன் சுரக்கும் நரம்பு செல்கள் மடிகின்றன. அவற்றுக்குப் பதிலாக ஆய்வகத்தில் வளர்த்த செல்களை வைக்கும் முயற்சியை கியோட்டோ பல்கலைக்கழகம் 2018இல் தொடங்கியது. முடிவு 2025 ஏப்ரலில் நேச்சர் இதழில் வந்தது. அறுவை செய்துகொண்டவர்கள் ஏழே பேர். இரண்டு ஆண்டு கண்காணிப்பில் கடுமையான பாதகம் எதுவும் இல்லை. பலன் அளந்து பார்க்கப்பட்ட ஆறு பேரில் நால்வருக்கு, மாத்திரையின் வேகம் இல்லாத நேரத்திலும் உடல் அசைவில் முன்னேற்றம் தெரிந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 12 பேரிடம் நடந்த இன்னொரு சோதனையின் முடிவும் அதே சமயம் வெளியானது. இரண்டையும் சேர்த்தால் 19 பேர். நம் தெரு ஒன்றில் உள்ளவர்களை விடக் குறைவு!

அந்த செல்களை மண்டையோட்டில் துளையிட்டு, மூளையில் குறித்த இடத்தில் வைத்தார்கள். கையில் டிரிப்ஸ் ஏற்றியோ முதுகில் ஊசி போட்டோ அல்ல. நோட்டீஸ்காரர்கள் பெரும்பாலும் தருவது நோயாளியின் இடுப்பெலும்பு மஜ்ஜையிலோ கொழுப்பிலோ எடுத்த செல்லை. அது கியோட்டோவில் வைத்த நரம்பு செல் அல்ல. பெயர் மட்டும்தான் ஒன்று.

சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. இரத்தப் புற்றுநோய், தலசீமியா போன்றவற்றுக்குச் செய்யும் மஜ்ஜை மாற்று வேறு. அது நிரூபணமான வைத்தியம். அதைத் தாண்டி ஸ்டெம் செல்லை அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே வைத்தியமாகத் தரக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. ஆட்டிசம் குழந்தைகளுக்கு இதைச் செய்வதற்கு எதிராக தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022இல் கருத்துத் தெரிவித்தது. ஆய்வு என்றால் அதில் சேரும் நோயாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது. லட்சங்கள் கேட்கும்போதே அது ஆய்வு அல்ல என்று தெரிந்துவிடுகிறது.

மார்க்கத்தில் கூடுமா என்றும் கேட்கிறார்கள். யமனாக்காவின் முறையில் கரு எதுவும் அழிக்கப்படுவதில்லை. அதனால் பெரிய சர்ச்சைக்கு இடமில்லை. கருவிலிருந்து எடுப்பதைப் பற்றி, ராபிதாவின் ஃபிக்ஹ் அகாடமி 2003இல் மக்காவில் கூடியபோது, செயற்கைக் கருத்தரிப்பில் மிஞ்சியவற்றைப் பெற்றோர் சம்மதத்துடன் பயன்படுத்தலாம் என்றும், இதற்காகவே கருவைக் கலைப்பது கூடாது என்றும் முடிவு செய்தது. கூடும் என்பதாலேயே கேட்டவுடன் வசூல் செய்துவிட முடியாது. ஸதகா பணமும் ஜகாத் பணமும் அமானிதம்.

வசூல் கோரி வருபவர்களிடம் ஜமாஅத் நிர்வாகிகள் ஒரு காகிதத்தைக் கேட்கட்டும்: இந்தியாவின் மருத்துவ ஆய்வுப் பதிவேட்டான சி.டி.ஆர்.ஐ.யின் எண். அந்த எண்ணை இணையத்தில் யாரும் இலவசமாகச் சரிபார்க்கலாம். எண் இருந்தாலும் அது பதிவுதான், அனுமதி அல்ல. நெறிமுறைக் குழுவின் அனுமதியையும் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதியையும் கேட்க வேண்டும். அதுவரை நோயாளியை செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரிக்கோ சென்னை அரசுப் பொது மருத்துவமனைக்கோ அழைத்துச் செல்லலாம். லெவோடோபா மாத்திரையை நேரம் தவறாமல் கொடுக்கலாம். பிசியோதெரபிக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே ஆள் வருகிறார்கள். வசூல் செய்வதென்றால் மாத்திரைக்கும் பஸ் செலவுக்கும், கூடவே போகிறவரின் ஒரு நாள் கூலிக்கும் செய்யலாம்.