பழைய பேஸ் கிற்றாருக்குப் புதுப் பூச்சு

இப்பக்கத்துக்கு வரும் கடிதங்களில் அநேகமானவை தையல், பன்னவேலை, ஊறுகாய் பற்றியவை. இம்முறை சற்று வேறான பொருள் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். தேவாலயப் பாடகர் குழுவிலும் திருவிழா மேடையிலும் பிள்ளைகள் தோளில் மாட்டி நிற்கும், நீண்ட கழுத்தும் நான்கு தடித்த தந்திகளும் கொண்ட பேஸ் கிற்றார்தான் அது.

என் பெறாமகன் கைக்குழந்தையாக இருக்கையில், 2009 இல், தகப்பனை இழந்தவன். அவனுக்காகத் தங்கச்சி சீட்டுக் காசில் மலிவான பழைய பேஸ் ஒன்றை வாங்கிக் கொடுத்தாள். சத்தம் குறைசொல்ல முடியாதது. ஆனால் கறுப்புப் பூச்சு விளிம்பெல்லாம் உடைந்து, யாரோ ஒட்டிய ஸ்ரிக்கர்களின் பசையில் ஊத்தை பிடித்திருந்தது.

"அக்கா, உதோட மேடையில ஏறமாட்டன் எண்டு நிக்கிறான். புதுசு வாங்கக் கிழமைக் கடன் தாறம் எண்டு சொல்லுகினம்" என்றாள்.

கிழமைக் கடன் என்றால் என்னவென்று இதை வாசிக்கும் சகோதரிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கையெழுத்து வைக்காதே, இரண்டு மாதம் பொறு என்று சொல்லிக் கிற்றாரை என் வீட்டுக்கு எடுப்பித்தேன்.

மின்சாரக் கிற்றாரில் சத்தம் பிறப்பது பூச்சிலிருந்து அல்ல. தந்தி அதிர, அதன் கீழுள்ள காந்தமும் கம்பிச் சுருளும் அந்த அதிர்வை மின்னாக மாற்றுகின்றன. அந்தப் பகுதியைப் பிக்கப் என்பார்கள். ஆகவே காசு இருந்தால் முதலில் புதுத் தந்திகளுக்குச் செலவிடுங்கள். பளபளப்பை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். பெரிய கம்பனிகளும் இதற்கென்று தனிப் பெயின்ற் வைத்திருக்கவில்லை. 1951 இல் பிரெசிஷன் பேஸை வெளியிட்ட அமெரிக்கரான லியோ ஃபெண்டரின் தொழிற்சாலை, பின்னாளில் விசேட நிறங்களுக்கு மோட்டார் கார்களுக்கு அடிக்கும் பெயின்றையே பயன்படுத்தியது. கராச்சில் கிடைக்கும் ஸ்பிறே பேணி எமக்குப் போதும்.

பெண்பிள்ளைக்கு ஏன் இந்த வேலை என்று அயலில் கேட்டார்கள். 1960களில் அமெரிக்க ஒலிப்பதிவுக் கூடங்களில் கணக்கற்ற பாடல்களுக்குப் பேஸ் வாசித்துப் பிள்ளைகளை வளர்த்தவர் கரோல் கே என்ற தாய்தான். அதைச் சொன்னேன்; நம்பினார்களோ தெரியாது.

தந்திகளைத் தளர்த்திக் கழற்றிய பின், கழுத்தைப் பிடித்திருக்கும் ஆணிகளைக் கழற்றுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். திருகாணிகளை வெவ்வேறு யோகட் கோப்பைகளில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள். தந்திகளின் அடிமுனையைத் தாங்கும் இரும்புத் தகட்டின் கீழ் வெறும் கம்பியொன்று வந்து தொட்டுக்கொண்டிருக்கும். பூட்டும்போது அது மறுபடி தகட்டைத் தொடாவிட்டால் ஸ்பீக்கரில் ஓயாத இரைச்சல் கேட்கும்.

பழைய பூச்சை மரம் தெரியும்வரை உரிக்க வேண்டாம். மலிவான கிற்றார்களில் அது கண்ணாடிபோல் தடித்த பிளாஸ்ரிக் பூச்சு. நெருப்புக் காட்டினால் நச்சுப் புகை வரும். பசையைத் துடைத்து, உடைந்த குழிகளைக் கார்களுக்குப் பூசும் புற்றியால் நிரப்பி, 320 இலக்க அரத்தாளால் பளபளப்பு முற்றாக மங்கும்வரை தேய்த்தால் போதும். எனக்கு மூன்று பின்னேரங்கள் எடுத்தன. இதை அவசரப்பட்டவர்களின் பெயின்ற் பிறகு சோளப்பொரிபோல் உரியும். கழுத்துப் பொருந்தும் பள்ளத்தை ரேப் ஒட்டி மறையுங்கள்; அங்கு பெயின்ற் சேர்ந்தால் கழுத்து இறுகப் பொருந்தாது.

முதலில் மூடித் தகட்டின் கீழ் மறையும் இடத்தில் கொஞ்சம் அடித்து, சுருங்குகிறதா என்று ஒருநாள் பாருங்கள். பிறகு உடலைக் கம்பியில் தொங்கவிட்டுப் பிறைமர், நிறம், கிளியர் என்று மெல்லிய படைகளாக, இடையில் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு அடிக்க வேண்டும். தடிப்பாக அடித்தால் வழியும். மழைக்கால ஈரத்தில் கிளியர் பால்போல் வெளுக்கும்; சோழகக் காற்றில் மண் வந்து ஒட்டும். எனவே மாசி, பங்குனிதான் எமக்கு நல்ல காலம். பெறாமகன் கேட்டது கடல்பச்சை. நிறத்துக்கும் கிளியருக்கும் இடையில், கடதாசியில் வெட்டிய கோல அச்சை வைத்து ஓரத்தில் வெள்ளைக் கரை ஒன்றும் போட்டேன். அது அவன் கேட்காதது.

இதை முற்றத்தில் மட்டுமே செய்யுங்கள். அடுப்பும் விளக்கும் கிட்ட இருக்கக்கூடாது. சேலைத் தலைப்பு முகமூடி ஆகாது. தூசுக்கு ஒன்று, ஆவிக்குக் கரி வடிகட்டி உள்ள ஒன்று என்று வாங்குங்கள். கர்ப்பிணிகளும் ஈளை உள்ளவர்களும் கிட்டவே வரவேண்டாம். கராச்சுகளில் இரண்டு திரவம் கலந்து அடிக்கும் கிளியர் அதிகம் மினுங்கும் என்று சொல்லித் தருவார்கள். அதிலுள்ள ஐசோசயனேற்று ஈளையை உண்டாக்கும். வீட்டுக்கு அது வேண்டவே வேண்டாம்.

மூன்று கிழமையாவது காய விடுங்கள். மூக்கை வைத்தால் மணம் இருக்கக்கூடாது. அதன்பின் சவர்க்காரத் தண்ணீரில் 1000, 1500, 2000 இலக்கத் தாள்களால் மெதுவாகத் தேய்த்து, கார்களுக்குப் பாவிக்கும் கொம்பவுண்டால் துடைத்தால் முகம் தெரியும். திருகாணித் துளைகளுக்குள் தண்ணீர் போனால் மரம் ஊதிப் பூச்சு வெடிக்கும், மெழுகால் அடைத்துக்கொள்ளுங்கள்.

தந்திகள், பெயின்ற், தாள், முகமூடி எல்லாம் சேர்ந்தும் கடனின் முதல் மாதத் தவணைகளைத் தாண்டவில்லை. தங்கச்சி அந்தப் படிவத்தைக் கிழித்து அடுப்பில் போட்டாள்.

பூட்டிய பின் தந்தி கழுத்திலிருந்து மிக உயர்ந்து நின்றால், கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியை அலன் சாவியால் இறுக்கலாம். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். ஒருநாள் விட்டுப் பார்த்துவிட்டே அடுத்த கால் சுற்று.