மூன்று பெண்கள் சேர்ந்தால் எத்தனை பேர்?

தென்னமெரிக்காவுக்குப் புறப்படும் முன் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். அதற்காகக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். எங்களுக்கு முன்னால் நின்ற பெரியவர் பேச்சுக் கொடுத்தார். எந்த ஊர், எதற்குப் போகிறோம், எத்தனை நாள் என்று விசாரித்தார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னோம். கடைசியாகக் கேட்டார்: "கூட யாரு வர்றாங்க?"

"நாங்க மூணு பேரும்தான் சார்."

"அது சரிம்மா. கூட யாரு வர்றாங்க?"

அவர் கெட்டவர் இல்லை. ஊசி போட்டதும் உடனே எழுந்திருக்காதீர்கள், தலை சுற்றும் என்று அக்கறையோடு சொல்லிவிட்டுத்தான் போனார். ஆனால் அவருடைய கணக்கில் மூன்று பெண்களைக் கூட்டினால் விடை பூஜ்யம். எங்களோடு என் அக்காவின் பதினாறு வயது மகன் வந்திருந்தால் நாங்கள் துணையோடு போகிறவர்கள் ஆகியிருப்போம். இன்னும் மீசை அரும்பாத பையன், முப்பதைத் தாண்டிய மூன்று பெண்களுக்குத் துணை! இந்தக் கணக்கைப் பற்றிப் பேசத்தான் இந்தக் கட்டுரை.

நாங்கள் போனது 2019 ஆகஸ்டில். ஒருத்தி செவிலியர், ஒருத்தி கல்லூரி ஆசிரியை, நான் பதிப்பகங்களுக்குப் பிழை திருத்துகிறவள். நான்கு வருடம் ஏலச்சீட்டுக் கட்டினோம். என் பங்குக்கு ஒரு சங்கிலியும் போனது. முதுகில் ஆளுக்கொரு பை. பசிபிக் கடலோரத்தில் இருக்கும் லிமாவில் பேருந்து ஏறி, குஸ்கோ, புனோ, லா பாஸ், உயுனி, சால்டா வழியாக, அட்லாண்டிக் பக்கம் இருக்கும் பியூனஸ் அயர்ஸில் போய் இறங்கினோம். நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பேருந்துப் பயணம். லிமாவிலிருந்து குஸ்கோ போக மட்டுமே ஒரு பகலும் ஓர் இரவும் ஆகும். அங்கே இருக்கைகளைப் படுக்கை, அரைப்படுக்கை என்று பிரித்து விற்கிறார்கள். நாங்கள் எப்போதும் அரைப்படுக்கைக்காரிகள்.

வழியெல்லாம் எங்களைத் துரத்திய கேள்வி ஒன்று உண்டு. "சோலாஸ்?" தனியாகவா என்று பொருள். ஸ்பானிய மொழியில் 'தனி' என்ற சொல்லுக்குப் பெண்பால் பன்மை இருக்கிறது. மூன்று பேரை ஒன்றாக உட்காரவைத்து, தனியாகவா வந்தீர்கள் என்று பன்மையில் கேட்க முடிகிறது. பிழை திருத்துகிறவள் என்பதால் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு யோசித்தால், கிண்டிப் பெரியவர் கேட்டதும் இதைத்தான். இலக்கணம்தான் வேறு. எங்களோடு அதே பேருந்துகளில் இரண்டும் மூன்றுமாக வந்த ஐரோப்பியப் பையன்களை யாரும் அப்படிக் கேட்டு நான் பார்க்கவில்லை.

இந்தச் சொல் சிரித்துவிட்டுக் கடந்து போகிற விஷயமும் இல்லை. 2016 பிப்ரவரியில், அர்ஜென்டினாவின் மெண்டோசா நகரைச் சேர்ந்த 21, 22 வதுப் பெண்கள் இருவர், ஈக்வடாரின் மொன்டனிட்டா என்ற கடற்கரை ஊரில் கொல்லப்பட்டார்கள். எங்களைப் போலவே முதுகுப்பையோடு ஊர் ஊராகப் போனவர்கள். செய்தி வந்ததும் எழுந்த கேள்விகளில் ஒன்று, "ஏன் தனியாகப் போனார்கள்?" இரண்டு பேர் சேர்ந்து போயிருக்கிறார்கள். சேர்ந்தே கொல்லப்பட்டிருக்கிறார்கள். செத்த பிறகும் அவர்கள் தனியாகத்தான் எண்ணப்பட்டார்கள். பராகுவேயைச் சேர்ந்த மாணவி ஒருவர், இறந்த பெண்ணே பேசுவதுபோல ஒரு கடிதம் எழுதினார். கொன்றதைவிட, கொன்ற பிறகு கேட்கப்பட்ட கேள்விகள் அவமானமாக இருந்ததைச் சொன்ன கடிதம் அது. ஸ்பானிய மொழி பேசும் நாடுகளிலிருந்து ஏராளமான பெண்கள் 'வியாஹோ சோலா', அதாவது 'நான் தனியாகப் பயணம் செய்கிறேன்' என்று எழுதத் தொடங்கினார்கள். குற்றமாகச் சுமத்தப்பட்ட சொல்லையே எடுத்துத் தங்கள் பெயரோடு சேர்த்துக்கொண்டார்கள்.

நம் மொழியிலும் அப்படி ஒரு சொல் உண்டு: ஊர் சுற்றி. ராகுல் சாங்கிருத்யாயனின் நூல் ஒன்று தமிழில் 'ஊர்சுற்றிப் புராணம்' என்ற தலைப்பிலேயே வந்திருக்கிறது. பெண்களும் ஊர் சுற்ற வேண்டும் என்று அவர் அதில் வாதாடியிருக்கிறார். ஆனாலும் நம் தெருவில் ஓர் ஆணை ஊர் சுற்றி என்றால் அவன் வேலை வெட்டி இல்லாதவன், அவ்வளவுதான். பெண்ணைச் சொன்னால் அது வசவு. வேலைக்கு, ஆஸ்பத்திரிக்கு, கோயிலுக்கு, கல்யாணத்துக்கு என்று எங்கே போனாலும் நாம் கையில் ஒரு காரணத்தோடு போக வேண்டும். சும்மா பார்க்கப் போகிறேன் என்பது காரணமாகாது.

நாங்கள் மூவரும் ஏதோ சாதித்துவிட்டோம் என்றும் நான் சொல்லவில்லை. அந்த எண்ணத்தைப் பொலிவியாவின் பேருந்துகளே இறக்கிவைத்துவிட்டன. அங்கே ஐமரா இனப் பெண்கள் அகலப் பாவாடையும் வட்டத் தொப்பியுமாக ஏறுவார்கள். முதுகில் அகுவாயோ என்ற வண்ணத்துணி மூட்டை. அதற்குள் உருளைக்கிழங்கோ பாலாடைக்கட்டியோ குழந்தையோ இருக்கும். இரவெல்லாம் பயணம் செய்து விடிகாலைச் சந்தையில் கடை பரப்புகிறவர்கள். நாங்கள் விலை கொடுத்து வாங்கிய முதுகுப்பையை அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சுமக்கிறார்கள். அதை யாரும் சாகசம் என்று எழுதுவதில்லை. லா பாஸில் அந்தப் பாவாடை கட்டிய பெண்களைச் சில உணவகங்களுக்குள் விடாத, டாக்சியில் ஏற்றாத காலம் ஒன்று இருந்தது. நாங்கள் போன அதே 2019இன் ஜனவரியில், அவர்களில் ஐந்து பேர் அதே பாவாடையோடு அகோன்காகுவா மலையில் ஏறினார்கள். ஏறத்தாழ 6,960 மீட்டர் உயரம். ஆசியாவுக்கு வெளியே அதைவிட உயரமான மலை கிடையாது. அதுவரை மலையேற வருகிறவர்களுக்குச் சமைத்துப் போட்டும் சுமை தூக்கியும் பிழைத்தவர்கள் அவர்கள்.

அப்படிப்பட்ட ஒரு பெண்மணியைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். லா பாஸிலிருந்து உயுனிக்கு இரவுப் பேருந்து. கம்பளிக்குள்ளும் பல் தந்தியடிக்கும் குளிர். நள்ளிரவு தாண்டியிருக்கும், இருக்கைக்கும் ஜன்னலுக்கும் நடுவிலிருந்து ஒரு கை என் மேல் ஊர்ந்தது. முதலில் கனவு என்று நினைத்தேன். பிறகு உடம்பு விறைத்துப்போனது. முப்பத்து மூன்று வயது, இத்தனை பேசுகிறவள், குரல் எழும்பவில்லை. பக்கத்தில் இருந்த செவிலியத் தோழியின் கையை மட்டும் அழுத்தினேன். அவள் எட்டி அந்த விரல்களைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கினாள். எடுடா கையை என்று தமிழிலேயே கத்தினாள்.

விளக்கு எரிந்தது. எதிர் வரிசையில் இருந்த ஐமராப் பெண்மணி எழுந்தார். என் அம்மாவின் வயது இருக்கும். பின்னால் இருந்தவனைப் பார்த்து ஏதோ சொன்னார். ஒரு சொல்கூட எங்களுக்குப் புரியவில்லை. அவனுக்கு நன்றாகப் புரிந்தது. எழுந்து முன்பக்கம் போய் ஓட்டுநர் அறையின் கதவோரம் நின்றுகொண்டான். அந்த அம்மா தன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு அவனுடைய இருக்கையில், என் முதுகுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தார். விடியும்வரை அங்கேயே இருந்தார். கிண்டிப் பெரியவரின் கணக்குப்படி அவரும் தனியாக வந்தவர்தான்.

மறுநாள் உயுனி விடுதியிலிருந்து வீட்டுக்குப் பேசினேன். "எல்லாம் நல்லா இருக்கும்மா. சாப்பிட்டோம். குளிர்தான் தாங்கல" என்றேன்.

ஏன் பொய் சொன்னேன்? உண்மையைச் சொன்னால் தண்டனை எனக்கு என்று தெரியும். நாங்க அப்பவே சொன்னோமே என்பார்கள். அடுத்த பயணம் கிடையாது. என்னோடு போகாது, அக்கா மகளின் கல்லூரிச் சுற்றுலாவும் நின்றுபோகும். முள்ளு மேல சேலை விழுந்தாலும் சேலை மேல முள்ளு விழுந்தாலும் கிழிவது சேலைதான் என்று நமக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். முள்ளை வெட்டிப் போடு என்று ஒருவரும் சொன்னதில்லை. என் தம்பி கோவாவுக்குப் போய் பர்ஸையும் போனையும் பறிகொடுத்து, அடிவாங்கி, கடன் வாங்கித் திரும்பி வந்தான். இன்றைக்கும் ஒவ்வொரு கல்யாணத்திலும் அது சிரிப்புக் கதை. அவனை யாரும் வீட்டோடு இருக்கச் சொல்லவில்லை.

இதுதான் ஆண்துணைக் கணக்கின் உண்மையான விலை. நம்மைப் போகவிடாமல் தடுப்பது அதில் ஒரு பாதிதான். மறு பாதி, போய் அடிபட்டால் வாயைத் திறக்கவிடாமல் செய்வது. நாம் மூடி மறைக்கிற ஒவ்வொரு காயமும் செய்தவனுக்குக் காவல் நிற்கிறது. அவன் அடுத்த பேருந்தில் ஏறுகிறான்.

பாதுகாப்புக்காகத்தானே சொல்கிறோம் என்பார்கள். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 18 முதல் 49 வயது வரையிலான, மணமான பெண்களில் பத்தில் ஏறக்குறைய மூன்று பேர் கணவரின் உடல் அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்தவர்கள். அவர்கள் எல்லோருக்கும் ஆண்துணை இருந்தது. கதவும் தாழ்ப்பாளும் இருந்தன. ஆனாலும், கல்யாணம் ஆபத்தானது, பெண்ணே நீ அந்தப் பக்கம் போகாதே என்று எந்தப் பெரியவரும் எந்த வரிசையிலும் நின்று எச்சரிப்பதில்லை.

மும்பையை ஆராய்ந்து ஷில்பா ஃபட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் எழுதிய 'வொய் லாய்ட்டர்?' 2011இல் வந்தது. பெண்கள் கேட்க வேண்டியது பாதுகாப்பை மட்டும் இல்லை, ஆபத்தை ஏற்கும் உரிமையையும்தான் என்று அந்நூல் வாதிடுகிறது. அந்த இரவுக்குப் பிறகுதான் எனக்கு அது முழுதாக விளங்கியது. பாதுகாப்பை மட்டும் கேட்டால் பூட்டைத்தான் கொடுப்பார்கள். எனக்கு வேண்டியது போகிற உரிமை, அடிபட்டால் அடிபட்டேன் என்று சொல்கிற உரிமை, சொன்ன பிறகும் மறுபடி போகிற உரிமை.

பயணத்தின் கடைசியில், பியூனஸ் அயர்ஸின் மே சதுக்கத்துக்குப் போனோம். 1977 ஏப்ரல் 30 அன்று பதினான்கு பெண்கள் அங்கே கூடினார்கள். இராணுவ ஆட்சி கடத்திக்கொண்டுபோன தங்கள் பிள்ளைகளைக் கேட்டு வந்தவர்கள். கூட்டமாக நிற்கக் கூடாது, நடங்கள் என்றது போலீஸ். நடந்தார்கள். சதுக்கத்தின் நடுவே இருக்கும் தூணைச் சுற்றிச் சுற்றி நடந்தார்கள். அவர்களைச் சேர்த்த அசுசேனா வியாஃப்ளோர் அதே ஆண்டு டிசம்பரில் கடத்திக் கொல்லப்பட்டார். நடை நிற்கவில்லை. நாங்கள் போன வியாழக்கிழமையும் வெள்ளைத் தலைத்துணி கட்டிய கிழவிகள் நடந்தார்கள். அவர்களுக்கு நேர்ந்ததையும் எனக்கு நேர்ந்ததையும் ஒப்பிட நான் துணியமாட்டேன். ஆனால் ஆபத்து என்று சொல்லி அவர்களை வீட்டுக்கு அனுப்ப முடியவில்லை என்பதை அங்கே நின்று பார்த்தேன்.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் அம்மாவிடம் சொன்னேன். புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காக. அம்மா புதுக்கோட்டைக்காரி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்களே, அவர்களில் ஒருத்தி. ஆண்கள் ஓட்டுகிற பார் வைத்த சைக்கிள். அந்தப் பாரில் உட்கார்ந்து நான் பள்ளிக்கூடம் போயிருக்கிறேன்.

கேட்டுவிட்டு அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு புடவையை முழங்கால்வரை தூக்கி ஒரு தழும்பைக் காட்டினாள். அது ஆட்டுக்கல்லில் இடித்துக்கொண்டது என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தாள்.

"கண்மாய்க் கரையில ஒருத்தன் கேரியரைப் பிடிச்சு இழுத்துத் தள்ளிவிட்டான். பொம்பளைக்கு என்னடி சைக்கிள்னான். வீட்டில சொன்னா சைக்கிளைப் பிடுங்கிருவாங்கன்னு ஆட்டுக்கல்னு சொல்லிட்டேன்."

இருபத்தேழு வருட இடைவெளியில், கண்மாய்க் கரையில் அம்மாவும் உயுனியில் நானும் ஒரே பொய்யைச் சொல்லியிருக்கிறோம். இரண்டு பேரும் அதைத் தனியாகத்தான் சுமந்திருக்கிறோம். தனியாக என்ற சொல் எனக்குச் சரியாகப் பொருந்தியது அந்த ஓரிடத்தில்தான்.

இதைப் படிக்கிற மாணவிகளுக்கு ஒன்று சொல்வேன். போங்கள். பக்கத்து ஊருக்கானாலும் பக்கத்துக் கண்டத்துக்கானாலும் போங்கள். ஏதாவது நடந்தால் வந்து சொல்லுங்கள். உங்களிடம் ஒருத்தி வந்து சொன்னால், ஏன் போனாய் என்று கேட்காதீர்கள். அந்த ஐமரா அம்மாவைப் போல மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய் அவளுக்குப் பின்னால் உட்காருங்கள். மூன்று பெண்கள் சேர்ந்தால் மூன்று பேர் என்று எண்ண முதலில் நாம் பழகுவோம்.