அகத்தியர் நாற்று நட்டாரா?

சீனாவில் ஷென்னோங் என்று ஒருவர். பெயருக்கே தெய்வ உழவர் என்றுதான் பொருள். கலப்பை செய்தது, ஜனங்களுக்கு விதைக்கக் கற்றுக்கொடுத்தது, மூலிகைகளைத் தின்று பார்த்து ஒரே நாளில் எழுபது முறை விஷம் ஏறிப் பிழைத்தது எல்லாம் அவர்தானாம். கதை ஜோர்தான். ஆனால் கதையைச் சரித்திரமாக விற்கும்போதுதான் எரிச்சல் வருகிறது.

சிரிக்காதீர்கள், நம்மிடமும் ஆள் உண்டு. தாமிரபரணியைக் கொண்டுவந்ததே அகத்தியர்தான். அதோடு விட்டார்களா? அவர் துவாரகையிலிருந்து பதினெட்டு வேளிர் குடிகளை அழைத்துவந்து, காட்டை அழித்துக் குடியேற்றினார் என்று தொல்காப்பிய உரையில் நச்சினார்க்கினியர் எழுதுகிறார். இந்தக் கதையில் யாருக்கு நிலம் கிடைக்கிறது என்று பாருங்கள். வந்தவர்களுக்கு! ஏற்கெனவே இங்கே இருந்தவன் கணக்கிலேயே இல்லை, அவன் "காடு".

சரி, மண் என்ன சொல்கிறது? நூறு வருஷத்துக்கு முன்பே ஆதிச்சநல்லூர்த் தாழிகளுக்குள் இருந்த பானைகளில் நெல் உமியை அலெக்சாண்டர் ரீ பார்த்துவிட்டார். கொற்கைக்குப் பக்கத்திலிருக்கும் சிவகளையில் ஒரு தாழியில் கிடைத்த நெல், கி.மு. 1155 ஐச் சேர்ந்தது என்று 2021 செப்டம்பரில் அறிவிப்பு வந்தது. உடனே வகுப்பில் ஒரு நண்பர், "உலகத்துக்கே உழவு சொல்லிக்கொடுத்தவன் தமிழன்" என்று ஆரம்பித்தார். அண்ணே, கொஞ்சம் பொறுங்கள்! யாங்சே ஆற்றங்கரையில் நெல் அதற்குப் பல்லாயிரம் வருஷம் மூத்தது. முனிவரை இறக்கிவிட்டு அதே நாற்காலியில் "தமிழன்" என்று ஒரு பொம்மையை உட்கார வைப்பதில் என்ன லாபம்?

காட்டு நெல் முற்றியதும் தானாக உதிர்ந்துவிடும். உதிராமல் கதிரில் நின்ற மணிதான் அறுப்பவர் கைக்கு வரும், மறுபடி விதையாகும். சீனாவின் தியான்லுவோஷானில் உதிராத நெல்லின் பங்கு 27 சதவீதத்திலிருந்து 39 ஆவதற்குச் சுமார் 300 வருஷம் பிடித்திருக்கிறது. முந்நூறு வருஷம், பன்னிரண்டு சதவீதம்! எந்த முனிவர் இருந்து பார்த்திருப்பார்? தான் எதையோ கண்டுபிடிக்கிறோம் என்பதே யாருக்கும் தெரிந்திருக்காது.

எங்கள் ஆச்சி பிசான அறுப்பு முடிந்ததும் விதைநெல்லைத் தனியாகச் சொளகில் புடைத்துக் குலுக்கையில் போடுவாள். பதர் எது, மணி எது என்று பார்க்கக்கூட மாட்டாள், கை சொல்லிவிடும். அந்தக் கைக்கு ஒரு புராணமும் கிடையாது. பட்டாவும் தாத்தா பெயரில்தான் இருந்தது.

மறுக்கிறவர்கள் தாராளமாக வாருங்கள், சண்டை போடலாம். வரும்போது அகத்தியர் எந்த ரக நெல் கொண்டுவந்தார், காரா பிசானமா என்பதை மட்டும் மறக்காமல் விசாரித்துக்கொண்டு வரவும்.